கொழுப்பும் பிள்ளைப்பேறும்



உடலில் சேரும் கொழுப்பை வீண் சுமையென்றே நாம் கருதி வந்தோம். அது மூளைக்குச் செய்தி அனுப்புகிறது என்பதைச் சுண்டெலிகளே நமக்குக் காட்டின.

1949ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஓயாது தின்று பெருத்த சில சுண்டெலிகள் தென்பட்டன. அவை குட்டி ஈனவுமில்லை. காரணம் விளங்க 45 ஆண்டுகள் சென்றன. 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர், கொழுப்புத் திசுவில் சுரக்கும் ஒரு ஹார்மோனின் மரபணுவைக் கண்டுபிடித்தனர். அந்த ஹார்மோனே லெப்டின். அச்சுண்டெலிகளிடம் அது சுரக்கவில்லை. ஊசி வழியே செலுத்தியதும் பசி அடங்கிற்று, உடல் மெலிந்தது. 1996இல் மலட்டுப் பெண் சுண்டெலிகள் குட்டியும் ஈன்றன!

‘சேமிப்பு போதும், பசி வேண்டாம், கருவையும் தாங்கலாம்’ என்பதே லெப்டின் மூளைக்குத் தரும் செய்தி. சேமிப்பு மிகவும் கரைந்தால் அச்செய்தி குன்றும், மாதவிலக்கும் நின்றுபோகலாம். அரைவயிற்றுடன் விடியுமுன் பால்மரம் சீவச் செல்லும் பெண்ணை ‘மலடி’ என்று ஏசுவோர் இதை அறியார்.

பருத்தவர் லெப்டின் ஊசி போட்டு மெலியலாமா? பெரும்பாலோருக்குப் பயனில்லை. அவர்களிடம் லெப்டின் ஏராளம். மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிகச் சிலருக்கே அது மருந்து.

மூன்று மாதம் விலக்கு வராவிடில் அரசாங்க மருந்தகத்திற்குச் செல்லுங்கள். கருவுற்றிருக்கிறீர்களா என்பதையே முதலில் பார்ப்பார்கள். பிள்ளையில்லாக் குறைக்கெனில், கணவரும் உடன் செல்லவேண்டும். சோதனை இருவருக்குமே உண்டு.