வயசானா அப்படித்தான்னு விட்டுடலாமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப் பொறுப்பாளர் பேசியது)

வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறோம். சேமிப்பு, கடன் என்று பேசும் இந்த இடத்தில் இன்றைக்கு மறதி நோயைப் பற்றிப் பேசுகிறோம். அதற்குக் காரணம் நாங்கள் செய்த ஒரு தப்பு.

நம் குழு ஒன்றில் ஒரு அம்மா. வயது 65 இருக்கும். குழு ஆரம்பித்த நாளிலிருந்து உறுப்பினர். பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் வட்டிக் கணக்கை நாம் பேனா எடுப்பதற்குள் வாயாலேயே சொல்லிவிடுவார். அவர் ஒரு மாதம் சந்தாவை இரண்டு தடவை கட்டினார். அடுத்த மாதம் கட்டாமலே கட்டிவிட்டேன் என்று சாதித்தார். பிறகு, "கடனே நான் வாங்கல, என் கைநாட்டை யாரோ வச்சிக்கிட்டாங்க" என்றார். கூட்டத்தில் பெரிய சண்டை. "கடனைக் கட்டாம இருக்க நாடகம் போடுது" என்றார்கள். விசாரிக்கப் போன நாங்களும் அதையே நம்பினோம். அவரைக் குழுவிலிருந்து நீக்கித் தீர்மான நோட்டில் எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நாங்கள்தான்.

நாலு மாசம் கழித்து, வீட்டுக்கு வழி தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் நின்றவரை டீக்கடைக்காரர் அழைத்து வந்து விட்டார். அப்புறம்தான் மருமகள் வாயைத் திறந்தார். குழம்பில் இரண்டு தடவை உப்பு, எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போவது, "என் தோட்டை நீதான் திருடினே" என்று தினமும் சண்டை. ஒரு வருஷமாக நடந்திருக்கிறது. வெளியே சொன்னால் மாமியாரைக் கொடுமைப்படுத்துகிறாள் என்று ஊர் பேசும் என்று பயந்து அடக்கி வைத்திருந்தார். மாவட்ட அரசு மருத்துவமனையில் காட்டினோம். டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்றார்கள்.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ள மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று கேட்டால் அது வேறு. மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதால் வருவது. இதில் அதிகம் வருகிற வகையை 1906-இல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் விளக்கினார், அவர் பெயரே அதற்கு வந்துவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டும் மறதி நோய் வரும். செய்வினையும் இல்லை, பேயும் இல்லை. 2023-இல் வெளியான கணக்குப்படி நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருக்கிறது. ஆண்களை விடப் பெண்களுக்கும், நகரத்தை விடக் கிராமத்திலும் அதிகம்.

முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை. அப்படியானால் டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். எல்லா மறதியும் இந்த நோய் இல்லை, அதற்காகத்தான். தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும், மனம் சோர்ந்து போனாலும், விழுந்து அடிபட்டுத் தலைக்குள் ரத்தம் கட்டினாலும் இதே மாதிரி இருக்கும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பிப் பிதற்றினால் காய்ச்சலோ, சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம். அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும்.

வராமல் தடுக்க முடியுமா? 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 14 காரணங்களைச் சொன்னது. அவை எல்லாவற்றையும் சின்ன வயதிலிருந்தே சரிசெய்தால் 100-க்குச் சுமார் 45 பேருக்குத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறார்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை இரண்டையும் 40 வயதிலேயே பார்க்க வேண்டும். "தலை சுத்தல, எனக்கு எதுக்கு மாத்திரை" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர்! பார்வை மங்கினால் கண் புரை ஆபரேஷன். காது கேட்காவிட்டால் மிஷின். "பாட்டிக்கு எதுக்குக் காது மிஷின்" என்று சிரிக்கிறோம், ஆனால் காது கேட்காதவரிடம் யாரும் பேசுவதில்லை, பேச்சில்லாமல் மூளையும் ஓய்ந்துபோகிறது. பீடி, சிகரெட், சாராயம் வீட்டு ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். நடை வேண்டும், நாலு பேரோடு பேச்சு வேண்டும். நம் குழுக் கூட்டமே ஒரு மருந்துதான்.

ஏற்கெனவே வந்துவிட்டவரிடம் வாதாடாதீர்கள். "திருடினே" என்றால், "வாங்கம்மா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். ரவிக்கையின் உள்பக்கம் வீட்டு போன் நம்பரை எழுதித் தைத்து விடுங்கள். அவர் பெயரில் புதுக் கடன் வேண்டாம், புரியாத காகிதத்தில் கைரேகை வாங்க யாரையும் விடாதீர்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது. பார்த்துக்கொள்கிற மருமகளை, மகளை மறந்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் குழுவில் ஒருவர் போய் அந்த அம்மாவோடு உட்கார்ந்தால், அவள் ரேஷன் கடைக்காவது நிம்மதியாகப் போய் வருவாள்.

அந்தத் தீர்மானத்தைக் குழு ரத்து செய்துவிட்டது. நாங்களும் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மாவுக்கு எதற்கு என்று புரியவில்லை, காபி சாப்பிடச் சொன்னார். இப்போது மருமகள் கைப்பிடித்து அழைத்து வருகிறார். சேமிப்புப் பணத்தை அவரிடம் கொடுத்து எண்ணச் சொல்கிறார்கள். சில நாள் சரியாக எண்ணுகிறார், சில நாள் தப்பு வருகிறது. ஊக்குநர் எதுவும் சொல்லாமல் வாங்கி, இன்னொரு தடவை எண்ணிக்கொள்கிறார்.