சுரங்கத்துக்கு முன் கிணறு



இந்தக் கருத்தரங்கைப் புனேவில் கூட்டியது மிகப் பொருத்தம். மகாராஷ்டிர அரசின் நிலத்தடி நீர் ஆய்வு முகமைக்குத் தலைமையிடம் இந்த ஊர்தான். தக்காணப் பசால்ட் பாறையில் நீர் எந்த விரிசலில் நிற்கிறது, எந்த அடுக்கில் நகர்கிறது என்று கிணறு கிணறாக அளந்து பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். புதிதாக வரவிருக்கும் ஒரு சுரங்கம் நிலத்தடி நீரில் எப்படி உரிமை பெறுகிறது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

இங்கிலாந்தின் லங்காஷயரில் பருத்தி ஆலை வைத்திருந்த ஒருவரின் கிணறு, அக்கம்பக்கத்தில் நிலக்கரிக்காகக் குழி தோண்டியதால் வற்றிப்போனது. 1843இல் ஆக்டன் – பிளண்டெல் வழக்கில் அவருக்கு நிவாரணம் மறுக்கப்பட்டது. மண்ணுக்கடியில் நீர் எங்கிருந்து வருகிறது, எப்படிப் போகிறது என்று யாராலும் அறிய முடியாது என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. அதே கொள்கை 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்திலும் இருக்கிறது. வரையறுத்த கால்வாயில் ஓடாத நீர் தன் நிலத்துக்கடியில் எவ்வளவு இருந்தாலும் நிலச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அதன் 7ஆம் பிரிவு. நிலத்தை வாங்கிய கையோடு நீரும் வந்துவிடுகிறது. அறியாமையை அடித்தளமாகக் கொண்ட விதி இது. அந்த அறியாமை நீங்கிய பிறகும் விதி நீங்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நெய்வேலியைப் பாருங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய பொருள் கலந்த நீர் வந்ததிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுக்க 1956இல் நிறுவனம் அமைந்தது. 1961இல் அதன் படிவம் வெளிப்பட்டது. படிவத்துக்குக் கீழே கடும் அழுத்தத்தில் நீர் இருந்தது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் மேலேறிவிடும். அதனால் குழியைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து இரவு பகலாக இறைக்கிறார்கள். அந்த நீர் அனல் மின் நிலையங்களுக்குப் போகிறது, நகரியத்துக்குப் போகிறது. பொறியியல் சாதனை என்ற முறையில் அதை மதிக்கிறேன்.

சுற்று வட்டார உழவரிடம் கேட்டால் வேறொன்று சொல்வார்கள். குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே பொங்கி வயலுக்குப் பாய்ந்த ஊற்றுகள் அந்தப் பக்கத்தில் இருந்தன. இப்போது ஆழத்திலிருந்து மோட்டார் வைத்து இழுக்க வேண்டியிருக்கிறது. இந்த நீருக்கு ஊட்டம் தருவது வடமேற்கே வெளியில் தெரியும் கடலூர் மணற்கல். சுரங்க எல்லையைக் காட்டும் நில வரைபடத்தில் அந்த ஊட்டப்பகுதி இராது. நிலத்துக்கு இழப்பீடு உண்டு. இறங்கிப்போன நீர்மட்டத்துக்கு என்ன உண்டு? தமிழ்நாடு 2003இல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றி, நடைமுறைக்குக் கொண்டுவராமலே 2013இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்தச் சிக்கல் இங்கு மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் நம் நாட்டு அதானி குழுமத்தின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்துக்கு, 2077 வரை செல்லும் நீர் உரிமம் 2017இலேயே கிடைத்தது. அளவுக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. சுரங்கத்துக்கு அருகிலுள்ள டூங்மபுல்லா ஊற்றுகளின் கதி என்னவாகும் என்ற கேள்வி அதற்குப் பின்னும் தீரவில்லை.

இந்தப் புனே மாவட்டத்திலேயே மாற்றுச் சிந்தனை பிறந்திருக்கிறது. 1972 வறட்சிக்குப் பின் புரந்தர் தாலுகா நாய்காவில் விலாஸ்ராவ் சாளுங்கே தொடங்கிய பானி பஞ்சாயத்து, நீரைத் தலைக்கு அரை ஏக்கர் பாசனம் என்று பங்கிட்டது. நிலமில்லாதவருக்கும் பங்கு உண்டு, நிலத்தை விற்றாலும் நீர் கூடவே போகாது, கரும்புக்கு இடமில்லை. நிலத்திலிருந்து நீரை உரிமையளவில் பிரிக்க முடியாது என்பவர்களுக்கு நாய்காவ் பதில் சொல்லிவிட்டது.

மகாராஷ்டிரத்தின் 2009ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் 60 மீட்டருக்கு மேல் ஆழ்கிணறு தோண்டுவதைத் தடுக்கிறது. சுரங்கம் வரும்போதும் அதே கண்டிப்பு வேண்டும். நடுவண் நிலத்தடி நீர் ஆணையத்தின் தடையின்மைச் சான்றுக்கு நிறுவனமே அமர்த்தும் ஆலோசகர் அறிக்கை தருகிறார். அது போதாது. நில ஆர்ஜித அறிவிப்புக்கு முன்பே, நீர்த்தாங்கி முழுவதிலும் உள்ள கிணறுகளின் மட்டத்தைக் கோடையிலும் மழைக்குப் பின்னும் தனி அமைப்பொன்று அளந்து கிராம சபையில் வைக்கட்டும். பிறகு மட்டம் இறங்கினால், தான் காரணமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு சுரங்கத்துடையது.

பிற்பகல் அமர்வில் அறிஞர்கள் தீர்மான வரைவைத் தொடங்குகிறார்கள். மட்டம் எத்தனை மீட்டர் இறங்கினால் இறைப்பு நிற்க வேண்டும் என்பதை, ஒவ்வொரு பாறைவகைக்கும் தனித்தனியாக அதில் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.