ஈரமும் இல்லமும்



மழை மிகுந்த கடற்கரை நாட்டில் வீட்டைத் தூய்மையாக வைத்துக்கொள்வது எங்ஙனம் என்பது இன்றைய பேச்சின் பொருள். இலக்கணமோ கணக்கோ பேச வேண்டிய தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றபின் துடைப்பத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று உங்களில் சிலர் நகைக்கக்கூடும். இந்தப் பாடத்தை நான் எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கற்கவில்லை. ஒரு பெருந்தவறு செய்துதான் கற்றேன். ஆகையால் அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

1986-ஆம் ஆண்டு. நாகப்பட்டினத்துக்கு அருகே, கடலோரத்து ஊர் ஒன்றில், உயர்நிலைப் பள்ளியில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். நூலகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. நூலகம் என்றதும் பெரிய மண்டபத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம். இரண்டு மர அலமாரிகள், அவற்றில் ஏறக்குறைய நானூறு நூல்கள், அவ்வளவே. ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கியதும், நூல்களை ஈரத்திலிருந்து காக்க வேண்டுமே என்ற கவலை என்னைப் பற்றிக்கொண்டது. சாரல் படாத இடமென்று கருதி, அலமாரிகளை வடபுறச் சுவரோடு ஒட்டி வைத்தேன். கதவிடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்தேன். பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். மழைக்காலம் முடியும் வரை எவருக்கும் நூல் வழங்கப்படமாட்டாது என்று அறிவிப்பும் எழுதி ஒட்டினேன்.

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பாடநூலைத் தவிர வேறோர் ஏடும் இல்லாத வீட்டுப் பிள்ளை. வடிவியல் கணக்குகள் நிறைந்த ஒரு நூலைக் கேட்டு அவன் அடிக்கடி வருவான். "மழை விடட்டும், தம்பி" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பிவிடுவேன்.

மழை விட்டது. பொங்கல் விடுமுறை கழிந்து அலமாரியைத் திறந்தேன். முதலில் என்னை எதிர்கொண்டது மக்கிய வாடை. அடுத்துக் கண்டது, நூல்களின் முதுகெல்லாம் பச்சையும் கருமையுமாகப் படர்ந்திருந்த பூஞ்சணம். அந்த மாணவன் கேட்ட நூல் அடித்தட்டில் இருந்தது. பக்கத்தைப் பிரித்தால் எழுத்தும் கூடவே பிய்ந்து வந்தது. அவன் என் அருகில்தான் நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. ஏதேனும் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேறொரு பிரதியை என் செலவில் வரவழைத்தேன். அது வந்து சேர்ந்தபோது பிப்ரவரி முடிந்துகொண்டிருந்தது. மார்ச்சில் அவனுக்குத் தேர்வு.

இதில் நான் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்றும் இருந்தது. மழைக்கு முன்பே மாணவர்கள் எடுத்துச் சென்றிருந்த முப்பது நூல்கள் அந்த வாரத்தில் திரும்பி வந்தன. சிலவற்றின் முனை மடங்கியிருந்தது. ஒன்றில் எண்ணெய்க் கறை. ஆயினும் ஒன்றில்கூடப் பூஞ்சணம் இல்லை! கூரை வீடுகளில், திண்ணைகளில், நாள்தோறும் விரிக்கப்பட்டுப் படிக்கப்பட்ட நூல்கள் பிழைத்தன. நான் பூட்டிக் காத்தவை அழிந்தன.

பள்ளியைப் பெருக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் அலமாரியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஈரத் துணியை மடிச்சுப் பெட்டிக்குள்ள வச்சு மூடுவோமா? இதையும் அப்படித்தானே மூடிட்டீங்க" என்றார். அந்த அம்மையார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் அன்று ஆசிரியர் அவர், மாணவன் நான்.

அவர் கூறியதன் அறிவியற் பொருளைச் சிறிது ஆராய்வோம். காற்றில் நீராவி கலந்திருக்கிறது. காற்று வெம்மையாக இருக்கும்போது மிகுதியான நீராவியைத் தாங்கும். குளிர்ந்தால் அவ்வளவு தாங்காது. முப்பது செல்சியசு வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. இருபத்தைந்து செல்சியசில் 23 கிராம்தான். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி கொண்ட ஓர் அறையை எண்ணிப் பாருங்கள். ஈரம் நிறைந்த வேளையில் அந்த அறைக் காற்றுக்குள் முக்கால் லிட்டருக்கு மேற்பட்ட நீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கும். அக்காற்று ஐந்து பாகை குளிர்ந்தால், ஏறத்தாழ ஒரு டம்ளர் நீர் எங்கேனும் படிந்தே தீரவேண்டும். எங்கே படியும்? எந்த இடம் குளிர்ந்திருக்கிறதோ, எங்கே காற்று அசையவில்லையோ, அங்கே படியும். மழையில் நனைந்த வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும். அதனோடு ஒட்டிய அலமாரியின் பின்புறத்தில் காற்றோட்டம் இராது. பூஞ்சணத்துக்கு நானே இடம் பார்த்துக் கொடுத்தேன் என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

பூஞ்சணத்தின் நுண்வித்துகள் எங்கும் காற்றில் உலவுகின்றன. அவை முளைக்க வேண்டுவன மூன்று: உணவு, வெம்மை, ஈரம். தாள், பசை, மரம், தோல், தூசி யாவும் அவற்றுக்கு உணவு. வெம்மைக்கோ நம் நாட்டில் குறைவில்லை. நம் கையில் எஞ்சியிருப்பது ஈரம் ஒன்றே. ஆகவே, வறண்ட நாட்டில் தூய்மை என்பது பெரும்பாலும் தூசியை அகற்றுவது. ஈர நாட்டில் அது உலர்த்துவது. வாளி வாளியாக நீர் ஊற்றிக் கழுவிவிட்டு, ஈரத்தை அப்படியே விட்டுச் சென்றால் வேலை பாதிதான் முடிந்தது.

இது வெறும் அழகுபற்றிய செய்தி அன்று. ஓதம் ஏறிய வீடுகளிலும் பூஞ்சணம் படர்ந்த வீடுகளிலும் வாழ்வோர்க்கு இருமல், இளைப்பு முதலிய மூச்சுத் தொல்லைகள் மிகுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டு நூலில் கூறுகிறது. உணவிலும் இந்த இடர் உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு நூறாயிரத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து நஞ்சை உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தனர். சமையலின் சூடு அதை முற்றும் அழிப்பதில்லை. ஆதலால் பூஞ்சணம் பூத்த கடலையையும் மிளகாயையும் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது சிக்கனம் ஆகாது. அவற்றை எறிந்துவிடுவதே அறிவுடைமை.

இனி, செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, நீர் வரும் வழியை அறிதல். மொட்டைமாடியின் வடிகுழாய் வாயில் சருகு அடைத்திருக்கிறதா, குழாய் கசிகிறதா, சுவர் ஓரத்தில் நீர் தேங்குகிறதா என்று மழைக்கு முன்பே பாருங்கள். கசிவை நிறுத்தாமல் கறைமேல் வண்ணம் பூசுவது, புண்ணை ஆற்றாமல் பட்டுத் துணியால் மூடுவதை ஒக்கும். தேங்கிய நீரை வாரம் ஒருமுறை தவறாமல் கொட்டிவிடுங்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, முட்டையிலிருந்து இறகு முளைத்து எழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரைதான் ஆகும். தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். அதன் முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்தும் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

இரண்டாவது, காற்றுக்கு வழிவிடுதல். மழை ஓய்ந்திருக்கும் வேளையில், முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் நான்கு மணிக்குள், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். ஈரத் துணியைப் படுக்கையறையில் உலர்த்தாதீர்கள். துணியை விட்ட நீர் சுவருக்குப் போகும். இடமில்லாதவர்கள் சன்னலைத் திறந்து, மின்விசிறியின் கீழ் உலர்த்தலாம். தரையை நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, மறுபடி உலர்ந்த துணியால் ஒற்றுங்கள்.

மூன்றாவது, தோன்றிவிட்ட பூஞ்சணத்தை அகற்றுதல். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் நுண்வித்துகள் அறையெங்கும் பரவும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். ஓர் எச்சரிக்கை: வெளுப்புத் தூளையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஊறு செய்யும்.

நம் முன்னோர் இவற்றில் பலவற்றைப் பழக்கத்தாலேயே அறிந்திருந்தனர். மழைக்கு முன்னே நவராத்திரி வருகிறது. ஏடுகளையும் கருவிகளையும் வெளியே எடுத்துத் துடைக்கிறோம். மழைக்குப் பின்னே பொங்கல் வருகிறது. வீட்டை ஒழித்து வெள்ளையடிக்கிறோம். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் தலைகாட்டாது. பழைய வீட்டின் முற்றம் காற்றும் வெயிலும் உள்ளே வர வைத்த வாயில். இன்றைய அடுக்குமாடி வீட்டில் முற்றம் இல்லை. அதன் வேலையை நம் கைகள்தாம் செய்ய வேண்டும்.

நம் கைகள் என்றேன். அம்மாவின் கைகள் என்று சொல்லவில்லை. பல வீடுகளில் இவ்வளவு வேலையும் ஒருவர் தலைமேலேயே விழுகிறது. ஆண் பிள்ளைகள் ஈரத் துண்டைக் கட்டில்மேல் எறிந்துவிட்டுச் சுகாதாரப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்த மதிப்பெண்ணுக்கு யாது பயன்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நூல் அலமாரியைச் சிறிது முன்னே இழுத்துப் பாருங்கள். பின்புறச் சுவரைக் கையால் தொடுங்கள். ஒவ்வொரு நூலையும் எடுத்து விரித்து, காற்றாட வைத்து, பிறகு அடுக்குங்கள். அப்போது அருகில் யாரேனும் வந்து ஒரு நூலை இரவல் கேட்டால், மழை விடட்டும் என்று சொல்லாதீர்கள். கொடுத்து விடுங்கள்.