நீர் செதுக்கிய பாலை

பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டதும் மணற்குன்றுகளும், அவற்றிடையே வரிசையாகச் செல்லும் ஒட்டகங்களுமே மனக்கண்ணில் தோன்றுவது இயல்பு. ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள பாலை அத்தகையதன்று. அது கல்லாலான பாலை. செந்நிறத்திலும் காவி நிறத்திலும் வெளிறிய மஞ்சளிலும் அடுக்கடுக்காய்ப் படிந்த பாறைகள், ஓரிடத்தில் மேடையாகவும், ஓரிடத்தில் கோபுரமாகவும், மற்றோரிடத்தில் குனிந்து நோக்கினால் தலைசுற்றும் பாதாளமாகவும் அமைந்துள்ளன. யூட்டா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிக்கோ என்னும் நான்கு மாநிலங்களிற் பரந்துகிடக்கும் இப்பீடபூமியின் பரப்பு ஏறக்குறைய 130,000 சதுர மைல்.

நீர் அரிதாகிய இந்நாட்டைச் செதுக்கிய சிற்பி நீரே என்பதுதான் இதன் விந்தை. கன்யன் என அந்நாட்டார் வழங்கும் ஆழ்பள்ளத்தாக்குகள் அனைத்தும் ஆறுகளும் ஓடைகளும் பல இலட்சம் ஆண்டுகளாக அறுத்து ஆக்கியவை. இவ்வுண்மையை நூல்களிற் படித்து அறியலாம். ஆயின் அதனை உடலால் உணர்வதற்கு இக்காலத்தில் ஓர் எளிய வழி உண்டு. அதுவே வீட்டுவண்டிப் பயணம்.

ஆர். வி. எனச் சுருக்கமாக அமெரிக்கர் அழைக்கும் வீட்டுவண்டி, சக்கரங்களின்மேல் ஏற்றப்பட்ட ஒரு சிறு இல்லம். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, நீராடும் அறை யாவும் அதனுள் அடங்கும். அவ்வில்லத்தின் உயிர்நிலை எதுவெனில், தரையின் கீழ்ப் பொருத்தப்பட்டிருக்கும் நன்னீர்த் தாங்கியாகும். நடுத்தர வண்டியொன்றில் அது 40 கலன் அளவு நீர் கொள்ளும். பாத்திரம் கழுவிய நீர் ஒரு தாங்கியிலும், மலசலக் கழிவு வேறொரு தாங்கியிலும் சேர்ந்துகொண்டிருக்கும். அவற்றைக் கண்ட இடத்திற் கொட்டுதல் குற்றம். அதற்கென அமைந்த நிலையங்களிலேயே வெறிதாக்க வேண்டும்.

அமெரிக்கர் ஒருவர் தம் வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 80 கலன் அளவு நீரைச் செலவிடுகின்றார் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவ்வாறாயின் வண்டியிலுள்ள 40 கலன், ஒருவருக்கு அரைநாட் செலவுக்கே போதும். ஆனால், கணவனும் மனைவியுமாகப் புறப்பட்ட இருவர், சிக்கனமாக இருப்பின், அதே நீரைக் கொண்டு நான்கைந்து நாட்களைக் கழித்துவிடுகின்றனர். முகங்கழுவும்போது குழாயை மூடி மூடித் திறக்கின்றனர். தட்டைத் துடைத்த பின்னரே கழுவுகின்றனர். காலையில் எழுந்ததும் தாங்கியின் அளவுகாட்டியை நோக்குகின்றனர். பாலை கற்பிக்கும் முதற்பாடம் இதுவே.

இரண்டாம் பாடம் நிதானம். வீட்டுவண்டி விரைந்தோடும் வண்டியன்று. ஏற்றங்களில் அது மூச்சுவாங்கும், வளைவுகளில் தயங்கும். ஒருநாளில் நூறு மைலுக்கு மேற் செல்வதில்லை என உறுதிசெய்துகொண்டு புறப்படுவோரே இந்நாட்டை உள்ளபடி காண்கின்றனர். நண்பகலில் வெளிறித் தோன்றும் பாறை, மாலையிற் கனன்றெழும் அழகைக் காண வேண்டுமாயின் மாலைவரை அங்கே தங்கவேண்டுமல்லவா?

மேற்கிலிருந்து வருவோர் பெரும்பாலும் முதலில் அடைவது யூட்டாவிலுள்ள சயன் தேசியப் பூங்காவை. 1919 இல் தேசியப் பூங்காவாகிய இவ்விடத்தை ஆக்கியது வேர்ஜின் ஆறு. பார்வைக்கு அது சிற்றாறே. எனினும் அதன் மேற்பகுதியில் ஓரிடத்தில், ஆயிரம் அடி உயர்ந்த சுவர்களுக்கிடையே இருபது முப்பது அடி அகலமேயான இடுக்கினூடாக அது பாய்கின்றது. அங்கே வழியென்று தனியாக எதுவும் இல்லை; ஆறே வழி. நீரில் இறங்கி நடப்போர் அண்ணாந்து நோக்கின் வானம் ஒரு நீலநாடாவாகத் தெரியும். பூங்காவின் கிழக்குப் பாதையிலுள்ள சுரங்கவழி, 1930 இல், அக்காலத்துச் சிறு மோட்டார்களை எண்ணி அமைக்கப்பட்டது. இன்றைய பெருவண்டிகள் அதன் வளைந்த கூரையிற் படாது தம் பக்கமாகச் செல்ல இயலாது. அளவு மிஞ்சிய வண்டிகளை 2026 முதல் வேறு வழியே திருப்புவதெனப் பூங்கா நிர்வாகம் முடிவு செய்தது. வீட்டையே உடன்கொண்டு செல்பவர், வீடு நுழையாத வாயில்களும் உண்டென்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

அங்கிருந்து வடகிழக்கே உயரத்தில் அமைந்தது பிறைஸ். இங்கு நீர் வேறொரு முறையில் உளியைப் பிடித்திருக்கின்றது. பகலில் உருகும் பனிநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, இரவில் உறைகின்றது. உறையும் நீர் நூற்றுக்கு 9 பங்கு பருக்கும். பருத்துப் பாறையைப் பிளக்கும். ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாட்களில் இவ்வாறு உறைதலும் உருகுதலும் நிகழ்கின்றன. அதன் விளைவாகவே கூட்டங்கூட்டமாக மனிதர் நிற்பதுபோன்ற கற்றூண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே எழுந்து நிற்கின்றன.

மேலும் கிழக்கே சென்றால் கப்பிட்டல் றீவ் என்னும் இடத்தில் நூறு மைல் அளவு நீளமான பாறை மடிப்பொன்று குறுக்கிடும். அதற்கு ‘நீர்ப்பை மடிப்பு’ எனப் பொருள்படும் பெயரையே இட்டிருக்கின்றனர். பாறைக் குழிகளிற் தேங்கும் மழைநீரே அங்குள்ள விலங்குகளுக்கு ஆதாரம். அதன் அடிவாரத்தில் 1880 ஆம் ஆண்டுகளில் மோர்மன் சமயத்தவரான சில குடும்பத்தினர் குடியேறி, ஆற்றுநீரை வாய்க்கால் வழியே பாய்ச்சிப் பழத்தோட்டங்களை உண்டாக்கினர். அவர்கள் போய்விட்டனர், தோட்டங்கள் இருக்கின்றன. பருவகாலத்தில் வரும் பயணிகள் செரியும், அப்பிரிக்கொட்டும், பீச்சும், ஆப்பிளும் பறித்துத் தோட்டத்திலேயே இலவசமாக உண்ணலாம், எடுத்துச்செல்வதற்கே விலை. செங்கற் சுவர்போன்ற மலைகளின் நடுவே பச்சைத் துண்டொன்றாகக் கிடக்கும் அத்தோட்டம், ஒரு சிறு வாய்க்கால் செய்யக்கூடியது எவ்வளவு என்பதைச் சொல்லாமற் சொல்லுகின்றது.

ஆயினும் இந்நிலத்தில் நீர் அருள்வது மட்டுமன்று, அழிப்பதுமாகும். காய்ந்து கிடக்கும் ஓடைப்படுகை சமதரையாக இருக்கிறதென்று அங்கே வண்டியை நிறுத்தி உறங்குதல் பேதைமை. வானம் தெளிவாயிருக்கையிலேயே வெள்ளம் வரக்கூடும். ஏனெனில் மழை பெய்வது பல மைல்களுக்கு அப்பால். அரிசோனாவின் பேஜ் நகருக்கு அருகே அன்ரிலோப் எனப்படும் ஒடுங்கிய மலைப்பிளவு ஒன்றுண்டு. ஒளி வழிந்து நெளியும் அதன் சுவர்களின் அழகைக் காண உலகெங்கணுமிருந்து மக்கள் வருவர். 1997 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி, தொலைவிற் பெய்த மழையின் வெள்ளம் திடீரெனப் புகுந்து, உள்ளே நின்ற 11 பேரை மாய்த்தது. அந்தச் சுவர்களை அவ்வளவு வழவழப்பாக இழைத்ததும் அத்தகைய வெள்ளமே.

கப்பிட்டல் றீவிலிருந்து கிழக்கே மோவாப் நகரை அடைந்தால், அதன் அருகே கிறீன் ஆறும் கொலராடோ ஆறும் கலக்கும் இடத்தை மேலிருந்து காணலாம். 1869 ஆம் ஆண்டிலே, போரில் வலக்கையை இழந்தவரான யோன் வெஸ்லி பவல் என்பவர், ஒன்பது துணைவரோடும் நான்கு படகுகளோடும் இவ்வழியே சென்றார். எவரும் அளந்தறியாத ஆறு அது. ஒரு படகு உடைந்தது, உணவு கெட்டது, ஒருவர் இடையில் விலகினார், இறுதிக் கட்டத்தில் மூவர் பிரிந்து கரையேறி, மீளாமலே போயினர். பவலும் ஐவரும் ஓகஸ்ட் மாத முடிவில் ஆழ்பள்ளத்தாக்கைக் கடந்து வெளிவந்தனர்.

பவல் வீரர் மட்டுமல்லர், கணக்கறிந்தவர். இவ்வரண்ட நிலம் முழுவதையும் பயிரிட இங்குள்ள நீர் போதாதென அவர் நூலிலும் மேடையிலும் எடுத்துரைத்தார். 1893 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கூடிய நீர்ப்பாசன மாநாட்டில் அவர் இதனைக் கூறியபோது, அவையோர் கூச்சலிட்டு எதிர்த்தனர். 1922 இல் ஏழு மாநிலங்கள் கொலராடோ ஆற்றைப் பங்கிட்டு உடன்படிக்கை செய்தன. மேற்படுகைக்கு ஆண்டொன்றுக்கு 75 இலட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு 75 இலட்சம் ஏக்கர்-அடி எனக் குறித்தனர். அக்கணக்கு மழை மிகுந்த ஆண்டுகளை ஆதாரமாகக் கொண்டது. இல்லாத நீரையும் சேர்த்தே பங்கிட்டனர் என்பது பின்னரே தெளிவாயிற்று. பங்கிட்ட அவ்வவையில், அந்நிலத்தின் ஆதிக்குடிகள் எவருக்கும் ஆசனம் இருக்கவில்லை.

அதன் பொருளை மோவாபுக்குத் தெற்கே நவாஹோ நாட்டினுள் நுழையும் பயணி காண்கின்றான். திரைப்படங்களாற் புகழ்பெற்ற நினைவுச்சின்னப் பள்ளத்தாக்கு அங்கேதான் இருக்கின்றது. வெளியில் தனித்தனியே நிமிர்ந்து நிற்கும் செம்பாறைத் தூண்களை அந்தி வேளையிற் காண்போர் பேச்சிழப்பர். 1864 இல் இம்மக்கள் அமெரிக்கப் படையினரால் நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் செல்லப்பட்டு, 1868 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் தம் நிலத்துக்கு மீண்டனர். இன்றும் அந்நாட்டில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வீடுகளுக்குக் குழாய்நீர் இல்லை. பல மைல் தொலைவிலுள்ள நீர்நிலையத்துக்குச் சிறு லொறிகளில் தாங்கிகளை ஏற்றிச்சென்று, நிரப்பிக்கொண்டு வருகின்றனர். உடன்படிக்கைப்படி நீரைத் தேடித்தருவதற்கு அரசு கடமைப்பட்டதென அவர்கள் வழக்காடினர். 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம், நீதியரசர் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது.

அங்கு ஒரே வீதியில் இருவகை வண்டிகள் செல்லுகின்றன. ஒன்றில் உல்லாசப் பயணிகள் தாங்கி நிறைய நீரோடு போகின்றனர். மற்றொன்றில் ஒரு குடும்பத்தின் கிழமைச் செலவுக்கான நீர் போகின்றது. முன்னவருக்கு நீரை அளந்து செலவிடுதல் இரண்டு கிழமைப் பழக்கம். பின்னவருக்கு அது வாழ்நாள் வழக்கம்.

மேற்கே பேஜ் நகரில் 710 அடி உயரமான கிளென் பள்ளத்தாக்கு அணை நிற்கின்றது. 1963 இல் அணையின் பின்னே நீர் தேங்கத் தொடங்கி, 1980 இல் நிரம்பியது. நிரம்பிய காலத்தில் அந்நீர்த்தேக்கம் 186 மைல் நீளமுடையதாயிருந்தது. பவல் கண்டு வியந்து பெயரிட்ட எழில்மிக்க பள்ளத்தாக்கு அதில் மூழ்கியது. நீர் போதாதென எச்சரித்த அவருடைய பெயரையே அத்தேக்கத்துக்கு இட்டனர். 2023 ஆம் ஆண்டு முற்பகுதியில் அதன் மட்டம், நிரம்பத் தொடங்கிய காலத்துக்குப்பின் என்றுமில்லாதவாறு தாழ்ந்து, கொள்ளளவிற் காற்பங்கிற்கும் குறைந்தது. செங்குத்தான பாறைகளிலே, நீர் முன்னர் நின்ற எல்லையைக் காட்டும் வெண்பட்டை, கடன்கணக்குப்போற் பளிச்சிடுகின்றது. நீர் இறங்கிய பக்கப் பள்ளத்தாக்குகளில் மூழ்கிய பாறைமண்டபங்கள் மீண்டும் தலைகாட்ட, ஓடைக்கரையில் இளமரங்கள் தளிர்க்கின்றன. இதனைக் கண்டு மகிழ்வதா, ஏறக்குறைய 4 கோடி மக்கள் நம்பியிருக்கும் ஆற்றை எண்ணிக் கலங்குவதா என்பது எளிதில் விடைகாணத்தக்க கேள்வியன்று.

இப்பயணங்களின் முடிவிடம் பெரும்பாலும் கிராண்ட் கன்யன். நீளம் 277 மைல். ஆழம் ஏறக்குறைய ஒரு மைல். தென்கரையிலிருந்து எதிர்க்கரை பறவைக்குப் பத்து மைல்; வண்டிக்கோ 215 மைல். அதன் நடுவே எழுந்து நிற்கும் இரு சிகரங்களுக்கு, 1880 ஆம் ஆண்டுகளில் அங்கு ஆய்வுசெய்த டட்டன் என்னும் புவியியலறிஞர், விஷ்ணு கோயில் என்றும் சிவன் கோயில் என்றும் பெயர் சூட்டினார். அடித்தளத்திலுள்ள கரும்பாறையும் விஷ்ணுவின் பெயரையே தாங்குகின்றது. அதன் வயது ஏறக்குறைய 170 கோடி ஆண்டுகள். அத்துணை பழைய பாறையை அறுத்த ஆறோ, ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டுகளிலேயே தன் வேலையைப் பெரும்பாலும் செய்துமுடித்தது.

2024 இல் ஏறக்குறைய 49 இலட்சம் மக்கள் அங்கு சென்றனர். விளிம்பிலே நிற்போருக்குக் கீழே ஆறு தெரியும். ஆனால் அந்த ஆற்றிலிருந்து குடிநீர் வருவதில்லை. வடகரையின் கீழுள்ள ஊற்றொன்றிலிருந்து, 1960 ஆம் ஆண்டுகளிற் பதிக்கத் தொடங்கிய பன்னிரண்டரை மைல் நீளமான குழாய், பள்ளத்தாக்கைக் கடந்து நீரைக் கொண்டுவருகின்றது. 2010 முதல் 80 தடவைக்கு மேல் அது உடைந்திருக்கின்றது. 2024 ஓகஸ்ட் மாத இறுதியில் அடுத்தடுத்து உடைந்தபோது, விடுதிகளில் இராத்தங்கல் சில நாட்களுக்கு நிறுத்தப்பட்டது. முகாம்களிலோ, தத்தம் நீரைக் கொண்டுவந்தோர் தங்க இடமளிக்கப்பட்டது. நீராற் செதுக்கப்பட்ட உலகப் பேரதிசயத்தின் விளிம்பிலே, மாளிகை விடுதிகள் வெறிச்சோட, சிறு தாங்கியுடைய வண்டிகளில் விளக்கெரிந்தது.

பயணம் முடிந்து வீடு திரும்பும் பயணி, வண்டியின் தாங்கிகளை வெறிதாக்கி, உலர்த்தி மூடுகின்றான். பின்னர் வீட்டுக் குழாயைத் திறக்கின்றான். நீர் கொட்டுகின்றது, அளவுகாட்டி எதுவும் அங்கில்லை. எனினும் சில நாட்களுக்கேனும் அவன் கை, தானாகவே குழாயை மூடி மூடித் திறக்கும். அப்பழக்கம் எவ்வளவு காலம் நீடிக்கின்றதோ, அவ்வளவு காலம் அவன் பாலையிலிருந்து முற்றாகத் திரும்பிவிடவில்லை என்பதே பொருள்.