கோடை விடுமுறையும் கோர்வைத் தறியும்



விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் வீடு தங்குவதில்லை என்பது பழைய காலத்துக் குறை. இன்று பெற்றோர் என்னிடம் சொல்வது வேறு. பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். உண்ண அழைத்தால் வருகிறான். உண்டபின் மீண்டும் சாத்திக்கொள்கிறான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றிய நான், ஜூன் மாதத்தில் பெயர் கூப்பிடும்போதே இத்தகையோரை அறிந்துகொள்வேன். "உள்ளேன் ஐயா" என்னும் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும்.

காஞ்சிபுரத்தில் வாழ்பவனாதலின் தறியைக் கொண்டே இதனைச் சொல்லுகிறேன். எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரு நிறமும் கலங்கலாகாது; பிரியவும் கூடாது. அதற்காக உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். இதுவே கோர்வை. நெய்பவர் ஒருபுறம் கவனிக்க, மறுகரையின் நாடாவைத் தள்ளித்தர மற்றொருவர் அருகில் அமர்ந்திருப்பார். எத்துணைக் கைதேர்ந்தவராயினும் துணையின்றிக் கோர்வை நெய்தல் அரிது. முற்காலத்தில் அத்துணையிடத்தில் சிறுவரை அமர்த்தினார்கள். அதனால் பள்ளியை இழந்தோர் பலர். அவ்வழக்கம் திரும்ப வேண்டா.

தறிக்கு ஏறுமுன் பாவுக்கும் பலர் கை வேண்டும். வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்திற்கு அதனை இழுத்துக் கட்டி, கஞ்சியிட்டு, அறுந்த இழைகளை முடிவார்கள். சில ஆண்டுகளுக்கு முன், தேர்வில் தவறிய மாணவன் ஒருவன் பல நாள் வெளியே தலைகாட்டவில்லை. நானும் அவன் வீட்டிற்குச் சென்று நெடுநேரம் புத்தி சொன்னேன், தலையாட்டினான், அவ்வளவே. ஒருநாள் விடியலில் எதிர்வீட்டுப் பெரியவர், "தம்பி, இந்த முனையைச் சற்றுப் பிடியப்பா, ஆள் போதவில்லை" என்று அழைத்தார். அவன் வந்து பிடித்தான். மதிப்பெண்ணைப் பற்றி எவரும் கேட்கவில்லை; இழை அறுந்ததா என்றுதான் கேட்டார்கள். மறுநாள் அழைக்காமலே வந்தான். பிற்பாடு துணைத்தேர்வும் எழுதினான்.

தனியே அமர்ந்து நூல் படிப்பதை நான் குறை கூறவில்லை. அது நல்ல தனிமை. ஆள் முகம் காண அஞ்சி ஒளிந்துகொள்வதே நோயாகிறது. வைகாசியில் வரதராசப் பெருமாள் கோயில் கருட சேவையன்று சுற்றூர் மக்களெல்லாம் எங்கள் வீதிகளில் நிறைவார்கள். அன்று தண்ணீர்ப் பந்தலில் நின்று நீர்மோர் வார்த்துப் பாருங்கள். பக்தி உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் தாகம் ஒன்றே. ஒரு முற்பகலில் நூறு பேரிடமாவது பேசிவிடுவீர்கள்.

உள்ளம் மிகச் சோர்ந்தவர்க்கு 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசு உதவி உண்டு, எண் 14416. ஆயினும் எல்லாரும் தாமே அழைத்துவிடுவதில்லை. தேர்வு முடிவு வந்த நாள் முதல் காணப்படாத தோழர் ஒருவர் உங்கள் வகுப்பில் இருக்கலாம். இன்று மாலையே அவர் வீட்டிற்குச் செல்லுங்கள். மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். கடைத்தெரு வரை உடன் வருமாறு கேளுங்கள். வரவில்லையென்றால் நாளையும் சென்று கேளுங்கள்.