பிளான்டர் கப்பலும் ஒரு வைக்கோல் தொப்பியும்

(நம் குடியிருப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கப்பல் கதை என்றதும் பிள்ளைகள் எல்லாம் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள், சந்தோஷம். பெரியவர்களும் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இந்த மைக்கை நம்பிப் பிரயோஜனமில்லை.

நான் சொல்லப்போவது பருத்தி மூட்டை சுமந்த ஒரு நீராவிக் கப்பல், போர்க்கப்பலாக மாறிய கதை. கப்பலின் பெயர் பிளான்டர். 1860-ல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் கட்டினார்கள். நீளம் 147 அடி. இரண்டு பக்கமும் பெரிய சக்கரம் சுழன்று தண்ணீரைத் தள்ளும். நான்கடி ஆழம் இருந்தாலே மிதக்கும் என்பதால் ஆற்றுக்குள்ளே வரைக்கும் போய் மூட்டை ஏற்றி வரும்.

மறுவருடமே உள்நாட்டுப் போர். அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் ராணுவம் பிளான்டரை வாடகைக்கு எடுத்து, இரண்டு பீரங்கிகளைப் பொருத்தி, கோட்டைகளுக்குத் தளவாடம் கொண்டுபோக வைத்துக்கொண்டது. அதிகாரிகள் மூன்று பேர் வெள்ளையர்கள். மற்ற வேலையெல்லாம் செய்தவர்கள் கறுப்பின அடிமைகள். அவர்களில் சுக்கான் பிடித்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ், வயது 23. கப்பலை வழிநடத்தியதே அவர்தான். ஆனால் கறுப்பருக்குப் பைலட் என்ற பெயர் கிடையாது, வெறும் சக்கரக்காரர்.

அவருடைய சம்பளம் எஜமானருக்குப் போகும். தன் மனைவி ஹன்னாவையும் மகளையும் அவர்களுடைய எஜமானரிடமிருந்து விலைக்கு வாங்கப் பேசியிருந்தார். கேட்ட விலை 800 டாலர். இவர் கையில் சேர்ந்திருந்தது 100. சொந்த மனைவிக்கும் குழந்தைக்கும் விலை பேசுவது என்றால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எந்த நாளும் யாரோ ஒருவர் கூடுதல் விலை கொடுத்து அவர்களை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

துறைமுகத்துக்கு வெளியே வடக்கு மாநிலங்களின் கடற்படை முற்றுகை போட்டு நின்றது. அதுவரை போய்ச் சேர்ந்துவிட்டால் விடுதலை. நடுவில் கோட்டைகள், பீரங்கிகள்.

1862 மே 12-ம் தேதி இரவு, ஒரு கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டிய நான்கு பீரங்கிகள் கப்பலில் ஏறியாயிற்று. அதிகாரிகள் மூவரும், கப்பலை விட்டு இறங்கக் கூடாது என்ற உத்தரவை மீறி, வீட்டில் தூங்கப் போய்விட்டார்கள். விடியற்காலை 3 மணி சுமாருக்குக் கொதிகலனை மூட்டினார்கள். இன்னொரு படித்துறையில் ஒளிந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டார்கள். மொத்தம் 16 பேர். பிடிபட்டால் உயிரோடு சிக்குவதில்லை, கப்பலோடு போய்விடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

ஸ்மால்ஸ் கேப்டனின் கோட்டைப் போட்டுக்கொண்டு, கேப்டன் வழக்கமாக அணியும் அகலமான வைக்கோல் தொப்பியை வைத்துக்கொண்டு, அவரைப் போலவே நின்றார். வேகமாகப் போனால் சந்தேகம் வரும், மெதுவாகப் போனால் விடிந்து முகம் தெரிந்துவிடும். ஒவ்வொரு கோட்டையாகக் கடந்து கடைசியில் சம்டர் கோட்டை. அங்கே சரியான முறையில் நீராவிச் சங்கை ஊதினார். போகலாம் என்று பதில் வந்தது. நம் கேட்டில் மட்டும் என்ன, காவலர் ஸ்டிக்கரைத்தானே பார்க்கிறார், உள்ளே இருப்பவர் முகத்தையா? (செயலாளர் சார் இதைக் குறித்துக்கொள்கிறார் போலிருக்கிறது.)

சம்டரின் குண்டுகள் எட்டாத தூரம் வந்ததும் தென்னவர் கொடியை இறக்கிவிட்டு, ஹன்னா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். அதைப் பார்ப்பதற்குள் வடக்குக் கப்பலான ஆன்வர்ட் பீரங்கியைத் திருப்பிவிட்டது. நல்லவேளை, கடைசி நேரத்தில் வெள்ளைத் துணி கண்ணில் பட்டது.

பீரங்கிகளோடு சமிக்ஞைக் குறிப்பேடும் வந்து சேர்ந்தது. கோல்ஸ் தீவைத் தென்னவர் காலி செய்துவிட்டார்கள் என்று ஸ்மால்ஸ் சொன்ன தகவல் இன்னும் பெரிது. ஒரு வாரத்தில் வடக்குப் படை சண்டையே இல்லாமல் அந்தப் பக்கம் நுழைந்தது. கப்பலின் மதிப்பில் பாதியை அவர்களுக்குப் பரிசாகத் தர நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஸ்மால்ஸுக்குக் கிடைத்தது 1,500 டாலர். கப்பலுக்கு மிகக் குறைவாகத்தான் விலை போட்டிருந்தார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

பிளான்டர் கடற்படையின் பீரங்கிப் படகானது. ஸ்மால்ஸ்தான் வழிகாட்டி. ஆனால் கடற்படை வாழ்க்கை சில மாதங்கள்தான். காரணம் வேடிக்கையானது: அதன் அடுப்பு விறகில் எரிவது, கடற்படை நின்ற இடங்களிலோ விறகு கிடைப்பது கஷ்டம். அந்த வருடமே ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1863 டிசம்பரில் ஒரு கால்வாயில் தென்னவர் குண்டு மழை பொழிந்தபோது கேப்டன் சரணடையலாம் என்று சொல்லிவிட்டுக் கீழே போய் ஒளிந்துகொண்டார். வெள்ளையர் சரணடைந்தால் போர்க் கைதி. கறுப்பர் சரணடைந்தால் மறுபடி அடிமை, இல்லையேல் மரணம். ஸ்மால்ஸ் சுக்கானைக் கையில் எடுத்துக் கப்பலை வெளியே கொண்டுவந்தார். பிறகு அவரையே கேப்டனாக்கினார்கள்.

1865 ஏப்ரல் 14. சம்டர் கோட்டையில் மறுபடி அமெரிக்கக் கொடி ஏறிய நாள். விடுதலை பெற்ற மக்களை ஏற்றிக்கொண்டு பிளான்டர் அங்கே போனது. எந்தக் கோட்டைக்குப் பயந்து சங்கு ஊதினாரோ, அதே கோட்டை.

ஸ்மால்ஸ் பின்னர் ஐந்து முறை நாடாளுமன்ற உறுப்பினரானார். பியூஃபோர்ட் ஊரில் தன்னை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் வீட்டையே வாங்கி, 1915-ல் அங்கேயே கண்மூடினார்.

கப்பல் 1866-ல் தனியாருக்கு விற்கப்பட்டு, பழையபடி சரக்கு சுமக்கப் போனது. 1876 மார்ச்சில், தரை தட்டிய ஒரு பாய்மரக் கப்பலை இழுத்துக் காப்பாற்றப் போய்த் தானே சேதமாகி, கேப் ரோமைன் பக்கம் முடிந்துபோனது. 2014-ல் அமெரிக்கக் கடல் ஆய்வு நிறுவனம், அநேகமாக இதுதான் பிளான்டர் என்று ஓர் இடத்தைக் காட்டியது. இப்போது மணலுக்கு அடியில் கிடக்கிறது.

பிள்ளைகள் ஏதாவது கேட்க வேண்டுமானால் டீ குடித்துக்கொண்டே கேளுங்கள்.