சல்லடையும் மடக்கும்



1995-ஆம் ஆண்டு ஜேம்ஸ் காஸ்லிங் என்பவரும் அவருடைய சகாக்களும் உலகுக்கு அளித்த ஜாவா மொழியில் நிரல் எழுதப் பழகும் மாணவருக்கு, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் மடக்கும், ஒரு காரியத்துக்குப் பெயரிட்டு வைத்து வேண்டும்போது அழைக்கும் மெத்தடும், விசைப்பலகையில் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் உள்ளீடும் ஆரம்பத்திலேயே கைவந்தாக வேண்டும். இவற்றுக்கு அப்பியாசமாக நட்சத்திரக் குறிகளை முக்கோணமாக அடுக்கச் சொல்வது பல வகுப்புகளில் வழக்கமாயிருக்கிறது. அதில் குற்றமில்லை, ஆயினும் விடை பிழைத்தால் வருந்துவதற்கு அங்கே எவருக்கும் காரணமில்லை. தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு அதனினும் மேலான அப்பியாசத்தை அவர்களுடைய கடற்கரையே வைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இக்கரையில் 1961-இல் முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கடைசியாக நடந்தது. பழைய முத்து வணிகர்கள் ஒரே அளவான பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதலாவதில் 20 துளைகள். பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என்று பெருகி, பத்தாவதில் 1000. துளை பெருகப் பெருக அதன் வாய் சிறுக்குமாதலால், முதற் சல்லடையில் தங்குவது பருமுத்து. நழுவியது அடுத்ததற்குப் போகும். மடக்கு என்பதன் சொரூபம் இதுவே அல்லவா? பத்து எண்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, மிஞ்சியதை அடுத்ததில் இட்டு, மிஞ்சாதபோது நிறுத்திவிட வேண்டியதுதான்.

தரம் பிரித்தபின் மதிப்பிட வேண்டும். மஞ்சாடிக் கணக்கில் எடையைக் கண்டு, அதை அதனாலேயே பெருக்கி, அதில் முக்கால் பங்கை முத்துக்களின் எண்ணிக்கையால் வகுப்பது பழைய முறை. நான்கு முத்துக்கள் சேர்ந்து 8 மஞ்சாடி என்றால் மதிப்பு 12. ஒரே முத்து 8 மஞ்சாடி என்றால் 48. பெருமுத்தின் அருமையை இத்தனை சுருக்கமாகக் காட்டும் சூத்திரத்தை மெத்தடாக எழுதச் சொல்லுங்கள். மாணவர் மூன்றை நான்கால் வகுத்து முதலில் எழுதுவார். விடை பூஜ்யம் வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கையில் ஜாவா பின்னத்தை உதறிவிடுகிறது. முக்கால், அரைக்கால், மாகாணி, முந்திரி என்று பின்னத்துக்கெல்லாம் பெயர் வைத்த மரபில் வந்த பிள்ளைக்கு அந்தப் பூஜ்யம் உறுத்தும், உறுத்த வேண்டும். மூன்றுக்குப் பின் ஒரு புள்ளியும் பூஜ்யமும் இட்டால் 12 வந்து நிற்கும். நட்சத்திர முக்கோணம் இந்தப் பாடத்தைச் சொல்லாது.

உள்ளீட்டுக்கு 2004-இல் ஜாவாவின் ஐந்தாம் பதிப்போடு வந்த ஸ்கேனர் இருக்கிறது. அதற்கு முந்தைய வழி ஆரம்ப மாணவருக்கு மிகவும் சிரமமானது. முத்துக்களின் எண்ணிக்கை கேட்கும் இடத்தில் ஒருவர் பூஜ்யம் தட்டினால், புள்ளி வைத்த அந்த மெத்தட் நின்றுவிடாது. 'இன்ஃபினிட்டி', அதாவது முடிவிலி, என்றே விடை கூறும். முத்தே இல்லாத தட்டுக்கு எல்லையில்லா விலை! ஆகவே எண்ணிக்கை ஒன்றேனும் வரும்வரை திரும்பக் கேட்கும் மடக்கு ஒன்றை அங்கே வைக்க வேண்டும். எழுதி முடித்ததும் உடனே ஓட்டிப் பார்க்காமல், எட்டையும் நான்கையும் காகிதத்தில் இட்டு, ஒவ்வொரு வரியிலும் எந்த மாறியில் எந்த எண் இருக்கிறதென்று பென்சிலால் குறித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள்.